மீனுக்கும் ஊர்ப்பெயர் எழுதச் சொல்லுங்கள்

சென்னையின் ஒயின் விருந்துகளுக்கு வந்துபோகும் சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

உங்கள் வலப்பக்கம் வந்து நின்று, கிளாஸில் 60 மில்லி ஊற்றி, பாட்டிலின் கழுத்தைச் சற்றே திருப்பி, மேசை விரிப்பில் சொட்டு விழாமல் துடைத்துக்கொண்டு நகர்கிறவன் நான். 16 வருடமாக இந்த வேலை. இப்போது கேப்டன். பிறந்தது ராயபுரம், குடியிருப்பது திருவொற்றியூர். ஊற்றும்போது பேசக் கூடாது என்பது எங்கள் தொழிலின் ஒழுங்கு. அதனால்தான் எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருந்தன்று உங்கள் முன்னால் வைக்கிற மெனு அட்டையில் ஒவ்வொரு ஒயினுக்கும் நாடு, ஊர், தோட்டம், திராட்சை, அறுவடை வருடம் எல்லாம் இருக்கும். அதற்கு மேல்வரியில் இருக்கும் பர்கருக்கு 'மீன்', 'நண்டு', 'இறால்' என்று ஒரே சொல். அந்த மீனுக்கும் ஊர்ப்பெயரும் நாளும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் எழுதுவார்கள். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

பர்கரையும் ஒயினையும் சேர்த்து வைக்கிற விருந்துதான் நான் பரிமாறுவதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. மற்ற விருந்துகளில் முதல்முறை வருகிறவர்கள் எந்த முள்கரண்டியை எடுப்பது என்று பக்கத்து மேசையை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். பர்கர் வந்தால் அந்தப் பயம் போய்விடும். இரண்டு கையாலும் எடுத்துக் கடிக்க வேண்டியதுதான். சாறு மணிக்கட்டில் வழியும். வயதானவர்களும் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமாகாத பிள்ளைகளும் ஒரே மாதிரி துடைத்துக்கொள்வார்கள். பேச்சு தானாக வரும். உணவைக் கையால் தொட்டதும் மனிதர்கள் இளகுவதை நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

அந்த மேசையைச் சுற்றி நின்றே எவ்வளவோ கற்றுக்கொண்டேன். சிவப்பு ஒயினின் துவர்ப்பு டானினிலிருந்து வருகிறது. அது எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் இறுகுகிறது. கொழுப்புள்ள கறியைக் கடித்துவிட்டு மால்பெக்கோ கேபர்னேவோ குடித்தால் அந்த இறுக்கம் தளர்ந்து ஒயின் இதமாகிவிடும். அதே ஒயினை மிளகாய் தூக்கலான கோழி பர்கரோடு கொடுத்தால் காரம் இன்னும் எரியும், ஒயின் கசக்கும். அங்கே கொஞ்சம் இனிப்பு மிச்சமிருக்கும் வெள்ளை ஒயின் வேண்டும். நாசிக்கின் செனின் பிளாங்க் அதற்கு நல்ல துணை. எண்ணெயில் பொரித்த நண்டு பர்கருக்கு நுரைக்கும் ஒயின். அதன் புளிப்பு எண்ணெய்ப் பிசுக்கை அறுத்துக்கொண்டு போகும். கெச்சப் அதிகமானால் எந்த ஒயினும் வெறும் புளிப்பாகிவிடும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் கொடுக்க வேண்டும் என்ற விதி 16, 18 டிகிரி இருக்கும் அறைகளில் பிறந்தது. நம் ஊர் அறைக்கு அது சரிவராது. அதனால் அதையும் 20 நிமிடம் குளிர வைத்துவிட்டுத்தான் உங்களிடம் கொண்டுவருவோம்.

2001-இல் நியூயார்க்கில் டேனியல் புலூ என்ற பிரெஞ்சு சமையல்காரர், கறி உருண்டைக்குள் மெல்லிய தீயில் வேகவைத்த விலா இறைச்சியையும் வாத்தின் ஈரலையும் வைத்து ஒரு பர்கர் செய்தார். தெருவோரப் பண்டம் வெள்ளை விரிப்பு மேசைக்கு ஏறியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கும் முன்னால் போனால் பர்கரின் பெயரே ஹாம்பர்க். கப்பல் ஏறி அமெரிக்கா போனவர்களோடு சேர்ந்து போன ஒரு துறைமுகத்தின் பெயர். துறைமுகத்தில் பிறந்த எனக்கு அதில் ஒரு சொந்தம் தெரிகிறது.

அந்தச் சொந்தம் எனக்குச் சின்ன வயதிலேயே தொடங்கியது. எங்கள் தெருவில் ஒரு ஆங்கிலோ இந்திய ஆண்ட்டி இருந்தார். நவம்பர் பிறந்தால் பன்னீர்த் திராட்சை வாங்கிவந்து கையால் பிசைந்து, சர்க்கரை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை சேர்த்துப் பீங்கான் ஜாடியில் போட்டுத் துணியால் வாய் கட்டிவிடுவார். தினமும் மரக்கரண்டியால் ஒரு கலக்கு. கிறிஸ்துமஸுக்கு வடிகட்டுவார். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு வரும். அதில் பன்னைப் பிளந்து உள்ளே வைத்த கொத்துக்கறி கட்லெட், பக்கத்தில் சின்ன கிளாஸில் அந்த ஒயின். ஒயின் அம்மாவுக்கும் ஆயாவுக்கும். எங்களுக்கு விரல் நனைத்து நக்க மட்டும். நட்சத்திர ஹோட்டலில் முதல் பர்கர் விருந்துக்கு நின்றபோது இந்தச் சேர்க்கை எனக்குத் தெரியும் என்று நாக்கு சொன்னது. பிறகு ஒருநாள் பயிற்சி வகுப்பில், கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையை உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கிறது என்று கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. ஆண்ட்டியின் ஜாடியில் இருந்ததும் ஹாம்பர்க்கின் பெயர்தான். கம்பத்துக்கு 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் திராட்சையைக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். 2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விளைந்த ஊரைச் சொல்லிப் பெருமையாக விற்கலாம் என்று சட்டமே உரிமை கொடுத்திருக்கிறது.

ஒயின் இந்தக் கரைக்குப் புதிதும் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் மதராஸில் விரும்பிக் குடித்த ஒயின்களில் ஒன்று மடேரா. அட்லாண்டிக் தீவிலிருந்து பீப்பாய்களில் ஏறிய அந்த ஒயின், கப்பலின் வெக்கையிலும் ஆட்டத்திலும் கெட்டுப்போகாமல் இன்னும் ருசியானது. அதனால் இந்தியா வரைக்கும் வந்து திரும்பிய பீப்பாய்க்கு ஐரோப்பாவில் கூடுதல் மதிப்பு இருந்தது. இங்கே துறைமுகமே இல்லாத காலம் அது. கப்பல் தள்ளி நங்கூரம் போடும். அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை இறக்கி வந்தவை மசூலா படகுகள். ஆணியே இல்லாமல், பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு. ஆணி அடித்தால் அலையடிப்பில் பிளந்துவிடும், தைத்தது வளைந்துகொடுக்கும். அதை ஓட்டியவர்கள் எங்கள் பக்கத்து மக்கள். ராயபுரத்தில் இன்றும் நிற்கும் ராயப்பர் கோயிலைக் கட்டியவர்களும் படகுக்காரர்களே. ராயப்பர் என்றால் பேதுரு, மீனவர். ஊருக்கே அவர் பெயர்தான். மதராஸில் மேசைக்கு வந்த மடேரா எல்லாம் இந்தத் தோள்களின் மேல் ஏறித்தான் கரை சேர்ந்தது.

1875-இல் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். கடலுக்குள் நீண்ட அந்தக் கற்சுவர், தெற்கிலிருந்து வடக்கே கடலோரமாக நகர்ந்துகொண்டிருந்த மணலைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. ஆயா சின்னப் பெண்ணாக விளையாடிய மணல்வெளி இருந்த இடத்தில் இன்றைக்குக் கருங்கல் கொட்டியிருக்கிறது, தூண்டில் வளைவு போட்டிருக்கிறது. விருந்து முடிந்து மெரினா வழியாகக் காரில் போகும்போது ஜன்னலை இறக்கிக் காற்று வாங்குவீர்கள் இல்லையா, அங்கே பரந்து கிடக்கும் மணல் எங்கள் கரைக்கு வந்துசேர வேண்டியது. இதை வருத்தப்பட வைப்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் மேசைக்கும் எங்கள் கரைக்கும் எத்தனை காலமாகக் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது மீனுக்கு வருகிறேன்.

ஒயினில் வருடம் ஏன் முக்கியம் என்று நீங்களே எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அந்த வருடத்து மழை, அந்த வருடத்து வெயில். மீனுக்கு அது வருடக் கணக்கு இல்லை, நாள் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இல் 61 ஆக்கினார்கள். மீன் முட்டையிட்டுப் பெருக விடுகிற காலம். அந்த நாட்களில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். வலை பின்னுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வீட்டில் கடன் ஏறும். ஃபைபர் படகில் கரையோரம் போகிறவர்கள் கொண்டுவருவதுதான் அப்போதைய மீன். மேற்குக் கரையில் தடை ஜூன் மாதம்தான் தொடங்குகிறது. ஆக, மே மாத விருந்தில் உங்கள் பன்னுக்குள் தடிமனான வஞ்சிரத் துண்டு இருந்தால், அது பெரும்பாலும் ஐஸ் லாரியில் மேற்கிலிருந்து வந்திருக்கும். இல்லையென்றால் உறைய வைத்த பழைய மீனாக இருக்கும். அட்டையில் 'இன்று பிடித்த மீன்' என்று எழுதியிருக்கும். ஒயின் பாட்டிலில் ஒரு வருடம் மாற்றி ஒட்டினால் நீங்கள் கொதித்துப் போவீர்கள். இதையும் அப்படிக் கேட்கலாம். மே மாதம் கரையோர மீன் போதும், நெத்திலியும் சங்கராவும் போதும், விசைப்படகு மீன் ஜூன் கடைசியில் வரட்டும் என்று நீங்கள் சொன்னால், அந்த 61 நாளுக்கு உங்கள் மேசையில் ஒரு மரியாதை கிடைக்கும். நெத்திலியைப் பொரித்துப் பன்னுக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து, நுரைக்கும் ஒயினோடு ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள்.

சில பாட்டில்களில் 'கையால் பறித்த திராட்சை' என்று அச்சடித்திருக்கும். அதற்காக விலை கூடும், நியாயம்தான். எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் பிடித்த இறால் உண்டு, தெரியுமா? இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றுக்குள் விரலால் துழாவி ஒவ்வொன்றாக எடுப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். வலை இல்லை, எஞ்சின் இல்லை. எந்த ஓட்டலின் அட்டையிலும் இதை எழுதி நான் பார்த்ததில்லை.

அந்தக் கழிமுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் கனமான விஷயம் இருக்கிறது.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழையோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தில் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. என்னோடு பள்ளியில் படித்த நண்பன் காட்டுக்குப்பத்துக்காரன், ஆற்றுத்தொழில் செய்கிறவன். விடுமுறை நாளில் அவன் வலையைத் தேய்த்துக் கழுவ நானும் போனேன். கழுவக் கழுவக் கறுப்பு போகவில்லை. வலையைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. படகின் அடி, கரையோரச் செடி, கூழைக்கடாவின் இறகு எல்லாவற்றிலும் ஒரே பூச்சு. என் நகக்கண்ணில் இருந்த வாடை நான்கு சோப்புக்கும் போகவில்லை.

அடுத்த நாள் இரவு ஒரு விருந்து. நண்டு பர்கருக்குத் துணையாக வயதான ரீஸ்லிங் ஊற்றிக்கொண்டு வந்தேன். ஒரு மேடம் முகர்ந்து பார்த்து, கண்ணை மூடி, "பெட்ரோல்... என்ன அழகான பெட்ரோல்!" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. நன்கு வெயில் பட்ட ரீஸ்லிங் திராட்சையில் உருவாகும் ஒரு பொருள், பாட்டிலில் வருடக்கணக்கில் கிடக்கும்போது அந்த மணத்தைத் தரும். தெரிந்தவர்கள் அதைக் கொண்டாடுவார்கள். நானும் அதைக் கொண்டாடக் கற்றவன்தான். ஆனால் அன்றைக்கு என் கை நடுங்கியது. விரிப்பில் ஒரு சொட்டு விழுந்தது. 16 வருடத்தில் அப்படி அதிகம் நடந்ததில்லை.

ஏனென்றால் எண்ணூரிலும் அந்தச் சொல் உண்டு. மடவை மீனைக் குழம்பு வைத்து முதல் வாய் எடுத்ததும் "கெரசின் அடிக்குதுடா" என்பார் நண்பனின் அப்பா. தட்டைத் தள்ளிவைப்பார். எந்தப் பக்கத்துச் சேற்றில் மேய்ந்த மடவை என்பதைக்கூடச் சொல்லிவிடுவார். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீரில் வளர்ந்த இறாலையும், முகத்துவாரம் திறந்து கடல்தண்ணீர் ஏறிய பிறகு பிடித்த இறாலையும் வாயில் போட்டுப் பிரித்துச் சொல்லும் நாக்கு அவருடையது. மண்ணின் ருசி நாக்கில் தெரியும் என்பதில் நீங்களும் அவரும் ஒரே கட்சி. ஒரே மேசையில் உட்கார வேண்டிய இரண்டு தரப்பு நீங்கள். நடுவில் நின்று ஊற்றுகிற எனக்கு அது தெளிவாகத் தெரிகிறது.

எண்ணூருக்கு இந்தக் கஷ்டம் அந்த டிசம்பருக்கு முன்னும் இருந்தது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையில் ஒதுங்கியபோது வாளியால் அள்ளினார்கள். சாம்பல் வருடக்கணக்காகச் சேர்ந்து ஆற்றின் ஆழத்தைக் குறைத்திருக்கிறது. இப்போது 'காக்கா ஆழி' என்று ஒரு சிப்பி வந்து ஆற்றடியை மூடிவிட்டது. தென்னமெரிக்காப் பக்கத்துச் சிப்பி அது. அது படர்ந்த இடத்தில் இறால் தங்குவதில்லை, கையால் துழாவும் பெண்களின் விரலைக் கிழிக்கிறது. 2023 எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். நல்ல பாட்டிலாக இரண்டு வாங்கினால் நம் ஊர் வரியோடு தீர்ந்துபோகிற தொகை.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. அந்த டிசம்பருக்குப் பிறகு என் நண்பன் மீன் விற்கப் போனால் ஊர்ப்பெயர் சொல்வதில்லை. "எண்ணூர்னு சொன்னா வாங்க மாட்டாங்க, வாங்கினாலும் பாதி விலைதான் குடுப்பாங்க" என்கிறான். நல்ல தண்ணீரில், முகத்துவாரத்துக்கு வெளியே பிடித்த மீனைக்கூட வேறு ஊர் மீன் என்று சொல்லித்தான் விற்கிறான். பாட்டிலில் ஊர்ப்பெயர் விலையை ஏற்றுகிறது. எங்களுக்கு அதே ஊர்ப்பெயர் வாயை அடைக்கிறது. பெயரை மறைத்துவிட்டால் அந்த ஊருக்கு என்ன நடக்கிறது என்று கேட்கவும் ஆள் இல்லாமல் போகும். பர்கண்டியில் ஒரு தோட்டத்தில் ஆலைக் கழிவு கலந்தால் உலகம் முழுக்க இருக்கிற ஒயின்காரர்கள் அன்றே பேசுவார்கள். அந்தத் தோட்டத்தின் பெயர் அவர்கள் வாயில் இருக்கிறது, அதனால்.

இதைச் சொன்னபோது என் மேலாளர் ஒருவர் கேட்ட கேள்வி நேர்மையானது. 'எண்ணூர் என்று எழுதினால் விருந்தினர்கள் பயந்துவிட மாட்டார்களா, மீன் சுத்தமானதா என்று யார் பொறுப்பேற்பது?' பயப்படலாம் சார். பயந்தால் கேட்பீர்கள். எங்கே பிடித்தது, யார் பிடித்தது, தண்ணீரைச் சோதித்தார்களா என்று கேட்பீர்கள். சோதித்து நல்லது என்று தெரிந்தால் மட்டும் பரிமாறட்டும். நல்லது இல்லை என்றால் அந்த வரியை அடித்துவிட்டு, அடித்தது தெரியும்படியே அட்டையை அச்சடிக்கட்டும். அந்த வருடம் அந்தத் தோட்டத்தில் ஒயின் செய்யவில்லை என்று சில தயாரிப்பாளர்கள் வெளிப்படையாகச் சொல்வதில்லையா, அது மாதிரி. நீங்கள் மதிக்கிற வழக்கம்தானே அது.

முதலில் காசிமேட்டிலிருந்து தொடங்கலாம். அது எளிது. அட்டையில் இவ்வளவு இருந்தால் போதும்: மீனின் பெயர் தமிழில், பிடித்த இடம், விசைப்படகா, ஃபைபர் படகா, கைவலையா, கரைக்கு வந்த தேதி. உங்கள் வழக்கமான விருந்துக்கு இடம் முன்பதிவு செய்யும்போது ஒரு வரி கேளுங்கள்: "மீன் எங்கிருந்து?" பத்துப் பேர் கேட்டால் சமையலறையில் அந்தக் கேள்வி வந்து நிற்கும். எங்கள் செஃப்களுக்கு இதில் ஆசை உண்டு. பெயர் தெரிந்த மீனைச் சமைக்க யாருக்குத்தான் பிடிக்காது? துணைக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை ஒயினையும் ஒரு சுற்று வையுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். இனிப்பும் மணமும் தூக்கலானது. காரமான இறால் பர்கருக்குச் சேரும் என்பது என் அனுபவம்.

நேரில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், காசிமேட்டில் கால் வைக்க இடம் இருக்காது. வார நாளில், விடியற்காலை நாலரைக்கு ஏலம் நடக்கிற இடத்துக்கு வந்துவிடுங்கள். என் வாராந்திர விடுமுறை செவ்வாய். தரை முழுக்க ஐஸ் தண்ணீர் இருக்கும், தோல் செருப்பு வழுக்கும், ரப்பர் செருப்பு போட்டு வாருங்கள். கூடையோடு ஓடி வருகிறவர்களுக்கு வழிவிட வேண்டும். ஏலம் முடிந்ததும் டீ குடித்துவிட்டு எண்ணூர் போகலாம். என் நண்பனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் அப்பாவும் படகில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துப் போனால், அன்றைக்குக் கிடைக்கிற மீனைக் கரையிலேயே சுட்டுத் தருவார். முதல் வாய் அவர்தான் எடுப்பார். அவர் தலையசைத்த பிறகு நாம் சாப்பிடலாம்.

அன்புடன்,
உங்கள் கிளாஸை நிரப்புகிறவன்,
திருவொற்றியூர்.